சிவப்பு மிதவை இருந்த இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். உன் அண்ணிக்கு ஆறாம் மாதம். ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, தினமும் மேட்டுக் கிணற்றிலிருந்து அவளுக்கு இரண்டு கேன் சுமந்து வருகிறேன். இந்த வயசுல பளு தூக்கப் பழகுறீங்களா என்று உன் அம்மா கிண்டல் செய்கிறாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நம் ஏரிக்கான புதிய ஒப்பந்தத்தை இரு நாட்டு ஆணையத்தில் நீதான் எழுதுகிறாய் என்று அம்மா தெருவெல்லாம் பீற்றிக்கொள்கிறாள். ஒன்பது வருடத்துப் பரிசோதனை எண்களை வைத்துத்தான் ஏரி சுத்தம் என்றும், இன்னும் இரண்டு சாயப்பட்டறைகள் கழிவைத் திறந்துவிடலாம் என்றும் எழுதப்போகிறீர்கள். அந்தப் பரிசோதனைகளுக்குத் தண்ணீர் மொண்டவன் நான். சிவப்பு மிதவை அருகே இரு நாட்டு ஊழியரும் சேர்ந்து எடுத்து, பாட்டில் மூடியில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. மிதவை எங்கே இருக்க வேண்டும் என்று எந்தப் புத்திசாலியும் எழுதவில்லை. ஒன்பது வருடம் முன்பு புயலில் அது அறுத்துக்கொண்டு ஓடியபோது, நடு ஏரிவரை போக எங்கள் ஓட்டைப் படகுக்குத் தெம்பில்லை, மலை ஓடை வந்து விழும் இடத்திலேயே நங்கூரம் போட்டோம். எங்க இருந்தா என்ன சார், எல்லாம் ஒரே தண்ணிதானே என்றார் அக்கரை நாட்டு ஊழியர், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஓடைத் தண்ணீரை ஏரி என்று எழுதிக் கொடுக்கிறோம். நல்ல எண் வந்தால் மேலே இருப்பவன் எவன் கேள்வி கேட்பான்?

போன வாரம் நடு ஏரிக்குத் தனியாகப் போய் ஒரு பாட்டில் மொண்டு வந்தேன். ஒரு மீன்கூடத் துள்ளவில்லை, பறவையும் இல்லை, துடுப்பில் ஒட்டிய சாயப் பிசுக்கு இன்னும் போகவில்லை. சாக்கடையிலயா எடுத்தீங்க, மூடுங்க சார் என்று பரிசோதனைக் கூடத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு பரிசோதனை முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு, கொதிக்கவைத்தாலும் போகாது என்று மட்டும் சொன்னாள். மீசையிடம் மூடியில் கையெழுத்துக் கேட்டேன். நான் புள்ளகுட்டிக்காரன், ஆளை விடுங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாமெல்லாம் அநாதைகளா? ஒற்றைக் கையெழுத்துப் பாட்டில் உங்கள் சட்டத்துக்குச் செல்லாது.

அதனால் இந்தக் கடிதத்தை ஆணையத்தில் வாய்விட்டு வாசித்துவிடு. அப்பா மாட்டிக்கொள்வாரே என்று பார்க்காதே. என் எண்களை நம்பி நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டால், அண்ணி வயிற்றில் இருப்பதற்கு நாம் இரண்டு பேரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்து நில். பாட்டில் தனியாக வருகிறது, வெறும் கையால் திறக்காதே.

இப்படிக்கு,
மிதவையை நகர்த்திய
உன் அப்பா