அம்பு இல்லாத செபஸ்தியார்

16 ஜன. 1998, வெள்ளி
கட்கி. நல்ல குளிர்.

உறுதியான செய்தி: கோயில் செபஸ்தியார் புது வர்ணத்தோடு வந்துவிட்டார். உடம்பில் எப்போதும் குத்தி நிற்கும் அம்புகளில் ஒன்றுகூட இல்லை. மூலம்: நேரில் பார்த்தேன். அம்பு செருகும் துளைகளிலும் பட்டிப் பசை அடைத்து வழவழப்பாகத் தேய்த்திருக்கிறது.

திருநாளுக்கு முந்தின மாலை ஓர் அம்பைக் கழற்றி, நோயாளி வீட்டில் தலைமாட்டில் வைப்பது இந்த மராத்தி ஊரில் நம் தமிழ் ஆட்கள் வழக்கம். இம்முறை பிலோமினா அக்கா வீட்டுக்கு. அத்தான் கழுத்தில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று.

அக்கா: "எவம்லே புடுங்குனது? அவன் கைய..." பாதியில் நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

17, சனி
ஸ்கூட்டருக்கு பெட்ரோல். பிறகு சதாசிவ் காகா பட்டறை. பிள்ளையார் சிலை செய்கிறவர், கோயில் கமிட்டி இந்த வருடம்தான் முதன்முதலாக அவரிடம் வர்ண வேலை கொடுத்தது.

"கண்டித் மூர்த்தி சாலத் நாஹீ, சாஹேப்." பின்னப்பட்ட சிலை பூஜைக்கு ஆகாது. உடம்பெல்லாம் ஓட்டை, பாவம், சரி செய்துவிட்டாராம். அம்புகள்? சாமி சாமானைக் குப்பையில் போடலாமா? பூ வைத்து ஆற்றில் விட்டுவிட்டார்.

விஷயம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. புது அம்பு செதுக்கித் தருவார். சிலையில் துளை மட்டும் போடமாட்டார். டீ நன்றாக இருந்தது. கோபப்பட முடியவில்லை.

18, ஞாயிறு
பூசை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் அந்தோணி, ட்ரில் மிஷினோடு. அக்கா குறுக்கே நின்றாள்.

"ஏலே, பேப்பர்காரா. அவரு அம்பு பட்டா செத்தாரு?"

சொன்னேன். பெயர், ரோமாபுரியில் அடக்கம், ஜனவரி 20 திருநாள்: இவ்வளவுதான் உறுதி. மற்றது பிற்காலத்தில் எழுதிய கதை. ராயனின், அதாவது பேரரசனின், படைவீரர். அம்பெய்து செத்தார் என்று விட்டுப்போனார்கள். அடக்கம் செய்ய வந்த ஐரின் என்ற விதவை மூச்சு இருப்பதைப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்து போட்டாள். பிழைத்தார். ஓடிப் போகாமல் மறுபடி ராயன் முன்னால் போய் நின்று கேள்வி கேட்டார். தடியால் அடித்துக் கொன்றார்கள்.

"அப்ப இது அந்தப் பொம்பள பொழைக்க வச்ச ஆளு. அந்தோணி, மிஷின எடுத்த, மிதிச்சிருவேன்."

அந்தோணி: "அப்ப அம்புக்கு என்ன செய்ய, அக்கா?"

"அம்பு என்னத்துக்கு? ஆளையே தூக்கிட்டு வாங்கலே."

19, திங்கள்
பத்திரிகை அலுவலகத்தில் அரை நாள் லீவு. மாலை நாலு பேர் சிலையைச் சுமந்து அக்கா வீட்டு மாடியேற்றினோம். எதிர்வீட்டு மராத்திக்காரி: "பாஹுணே ஆலே கா?" விருந்தாளியா என்று கேட்கிறாள். ஆமாம் என்றாள் அக்கா.

கட்டில் பக்கத்தில் நிறுத்தினோம். அத்தான் கழுத்துக் கட்டோடு மேலும் கீழும் பார்த்தார். "இவருக்குப் பட்டி அடிச்சவன எனக்கும் வரச் சொல்லு மாப்ள."

அக்கா சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து அவருக்குக் கட்டு மாற்றினாள், மெதுவாக.

20, செவ்வாய்
திருநாள். சப்பரம் நன்றாகப் போனது. பாண்டு வாத்தியம் சுமார். காகா சாமந்தி மாலையோடு வந்தார். அக்கா அவரை நன்றாகத் திட்டி, முறுக்கும் கொடுத்தாள். தமிழ் புரியாததால் இரண்டையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

பாக்கி: அத்தான் ரிசல்ட். ஆஸ்பத்திரியில் கேட்டேன். வியாழன், மாலை நாலு மணிக்கு மேல். நான் போய் வாங்குவதாக ஏற்பாடு. அக்கா தானும் வருகிறேன் என்கிறாள். ஸ்கூட்டரில் ஏறவே பயப்படுகிறவள்.