உங்கள் பக்கத்துக் கதவு

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

காரில் வைத்த உங்கள் பை திருடுபோனதற்கு, "நீ பூட்டாம வந்துட்ட" என்று நேற்று முழுக்க என்னைத் திட்டினீர்கள். நான் சாவியில் இருக்கும் பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் வந்தேன். உங்கள் பக்கத்துக் கதவு மட்டும் பூட்டுவதில்லை. திறந்துவைத்து அழுத்தினால் பூட்டுகிறது, சாத்தினால் மாட்டேன் என்கிறது. கீலுக்குப் பக்கத்து ரப்பர் குழாயைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே பூட்டுக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன், மெதுவாகச் சாத்துங்கள்.

மாலையில் மெக்கானிக் வருவார், சாவி கொடுங்கள்.

பி.கு: போனில் அவர், "ஓங்கி ஓங்கிச் சாத்தினாத்தான்க்கா அந்த ஒயர் அறும். வீட்ல யாருக்கு அவ்ளோ கோவம்?" என்றார். காற்று என்று சொல்லிவைத்திருக்கிறேன். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.