நெல்லுக்குள் நான் ஒளித்தவள்

விக்கிரமங்கலம்,
27-8-79, திங்கள்.

அன்பு மகன் ராசாங்கத்துக்கு, அம்மா செங்கமலம் சொல்லச் சொல்ல உன் அக்கா பூமாலை எழுதுவது. எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, அந்த மட்டுக்கும் சுகம் என்று எடுத்துக்கொள். அந்த அஸ்ஸாம் மழையில் உன்னை நம் மாரியாத்தாதான் காத்து நிற்க வேண்டும். இங்கே ஆடியில் ஏமாற்றிய மழை ஆவணி பிறந்ததும் இரண்டு நாள் கொட்டியது, புதுக்கிணற்றில் தண்ணீர் ஒரு ஆள் உயரம் ஏறியிருக்கிறது, கடலை நன்றாகப் பூத்திருக்கிறது. கறுப்பாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். பூமாலை சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஆண்டிமடத்திலிருந்து வந்து பதினைந்து நாளாகிறது, மாமியார் வீட்டில் சண்டை என்று நினைத்துவிடாதே, நான்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தால் அட்டை கடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போ, டாக்டருக்கே வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிக்காதே. பார், ஆட்டையும் அட்டையையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பூமாலை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விசயத்துக்கு வாம்மா, இல்லன்னா நானே எழுதிடுவேன் என்கிறாள். வேண்டாம், நான் செய்ததை நானே சொல்ல வேண்டும்.

ஆடி மாதக் கடைசியில் தபால்காரர் இளையபெருமாள் உன் பேருக்கு ஒரு ரிஜிஸ்தர் கவர் கொண்டு வந்தார். டாக்டராகப் பதிந்தபோது நீ நம் ஊர் விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறாய் போலிருக்கிறது. நீ லீவில் வந்து சொல்லிக்கொடுத்த கையெழுத்தை முதல் முதலாக அவர் நீட்டிய ரசீதுச் சீட்டில்தான் போட்டேன், அவரும் பலே என்றார், எனக்குத் தலைகால் புரியவில்லை. கோர்ட்டில் அபராதம் கட்டினோமே, அதற்கு ரசீது வந்திருக்கிறது, இத்தோடு பீடை விட்டது என்று சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். நாலு நாள் அது அங்கேயே கிடந்தது. மனசுக்குள் என்னவோ அரிக்கவும் பூமாலையை வரவழைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள், முழுக்க இங்கிலீசு, உன் பேரும் கோர்ட்டு என்ற வார்த்தையும்தான் புரிகிறது என்றாள். அப்படியே அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து, நீ படிக்கும்போது உனக்குப் பழைய புத்தகமெல்லாம் கொடுத்தாரே பெரம்பலூர் பெரிய டாக்டர், அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒக்காருங்கம்மா என்றார்.

மெட்ராஸில் டாக்டர்களுக்கென்று இருக்கிற கவுன்சில் அனுப்பியதாம். புதையலில் கிடைத்த சாமி சிலையை ஒளித்து வைத்த குற்றத்துக்கு நீ தண்டனை பெற்றவன், அதனால் உன் பேரை ஏன் டாக்டர்கள் பதிவிலிருந்து எடுக்கக்கூடாது என்று செப்டம்பர் 28 வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எம்புள்ள யாருக்காச்சும் தப்பு ஊசி போட்டானா, காசு வாங்கிட்டு வைத்தியம் பண்ணாம உட்டானா, அவன் வைத்தியத்துக்கும் வூட்டுல நடந்ததுக்கும் என்னங்க சம்பந்தம் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு உள்ள ஒரு ஆளு வெளிய ஒரு ஆளுன்னு டாக்டருக்குக் கிடையாதும்மா, புருசன்கிட்ட சொல்லாததைக்கூட பொம்பளைங்க எங்ககிட்ட சொல்றாங்க, அந்த ஆளு பொருளை மறைக்கிறவன் பொய் சொல்றவன்னு தெரிஞ்சா யாரு நம்பி உடம்பைக் காட்டுவா, அதான் வெளிய பண்ற குத்தத்தையும் கேக்குறாங்க என்றார். அவர் சொன்னது நியாயம்தானே ராசா. கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் உன்னைக் கேட்கிறார்களே, அதுதான் தப்பு.

உனக்கு நான் இதை முழுசாகச் சொன்னதே இல்லை. மாசி மாதம் நம் கடலைக் கொல்லையில் கிணறு வெட்டும்போது, பதினெட்டு அடியில் அரியமுத்துவின் கடப்பாரை ணங்கென்று எதிலோ பட்டது. பாறை என்றுதான் நினைத்தோம். மண்ணை விலக்கினால் ஒரு முழம்கூட இல்லாத செம்புச் சிலை, அம்மன், ஒரு கையில் பூப் பிடிக்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளைத் தூக்கி வெளியே வைத்த அரை மணிக்கெல்லாம் கிணற்றில் ஊற்றுக் கண் திறந்துகொண்டது. கிராம முன்சீப்புகிட்ட சொல்லிடலாம் அக்கா, புதையலு கவருமெண்டு சொத்து என்று அரியமுத்து அப்போதே சொன்னான். நான்தான் கேட்கவில்லை. நான் சிறு பெண்ணாக இருந்தபோது பெரிய கோயிலுக்குள் நம் தெரு ஆட்களை விடமாட்டார்கள். தேர் வந்தால் தூர நின்று கும்பிட வேண்டும், என் அம்மா எட்டி எட்டிப் பார்ப்பாள், சாமியின் மாலைதான் தெரியும், முகம் தெரியாது. அப்படிப்பட்ட எனக்கு, கூலி வேலை செய்து வாங்கிய ஒரு துண்டு நிலத்தில், அவளே மண்ணைப் பிளந்துகொண்டு வந்து முகத்தைக் காட்டினாள். அவளைக் கொண்டுபோய் ஆபீஸ் அறையில், விளக்கில்லாமல் பூவில்லாமல், பைல் கட்டுகளோடு போட்டுப் பூட்டுவார்கள் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து என் கல்யாணச் சேலையில் சுற்றி, குதிரில் நெல்லுக்குள் வைத்தேன். தினம் குளித்ததும் குதிர் முன்னால் ஒரு விளக்கு ஏற்றுவேன். விற்க நினைக்கவில்லை, அவள்மேல் ஆணை. நீ சித்திரையில் லீவுக்கு வந்தபோது, என்னம்மா புதுசா நெல்லுக்குப் பூசை பண்றே என்று கேட்டாய். மகாலட்சுமிடா என்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் பொய்தான்.

நீ வந்து மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அரியமுத்து டீக்கடையில் வாய்தவறிச் சொன்னது எங்கெங்கோ சுற்றிப் போயிருக்கிறது, அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குதிருக்குள் கைவிட்டு அவளை எடுத்தபோது உன் முகத்தைப் பார்த்தேன், உனக்கு ஒன்றுமே புரியவில்லை. இன்ஸ்பெக்டர் யார் வெச்சது என்று கேட்டார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், அப்புறம் அவரைப் பார்த்து, நான்தான் சார் வெச்சேன், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது என்றாய். இப்போது ஒன்று சொல்கிறேன், எழுதுகிற பூமாலையே இதை இப்போதுதான் கேட்கிறாள். நீ அப்படிச் சொன்னதும் எனக்குப் பதறவில்லை ராசா. உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டேன். அப்பாடா என்று. பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு மூச்சு என் நெஞ்சிலேயே நிற்கிறது. சோறு இறங்கும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் இறங்குகிறது.

அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். நம் தெரு வழக்கம் என் கண்ணை மறைத்துவிட்டது. அப்பன் செய்ததை மகன் ஒத்துக்கொள்வதும், வயதானவனுக்காக வாலிபன் போய் அபராதம் கட்டிவிட்டு வருவதும் நம் ஊரில் எத்தனை பார்த்திருக்கிறோம். சீட்டாடின கேஸ், வேலி தாண்டி மேய்ந்த மாட்டுக் கேஸ் எல்லாம் அப்படித்தானே தீர்ந்தது. வக்கீல் குமாஸ்தா நடராசனும், தம்பி ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும், இழுத்தா வருசக்கணக்காவும், டாக்டருன்னா ஜட்ஜய்யாவும் மனசு எளகுவாரு என்றார். சரி, படித்த பிள்ளை, அவனை யார் என்ன செய்துவிட முடியும் என்று நானும் நினைத்தேன். கூலிக்காரன் அபராதம் கட்டினால் மறுநாளே மண்வெட்டி கையில் இருக்கும், எந்த மண்வெட்டியும் அவனை நீ தண்டனை வாங்கினவனா என்று கேட்காது. டாக்டருக்கு அப்படி இல்லை என்று நமக்குச் சொல்ல நம் தெருவில் இதற்கு முன் ஒரு டாக்டர் இருந்தானா? கோர்ட்டு வேப்பமரத்தடியில், இதைப் பத்தி ஆயுசுக்கும் வாயைத் தொறக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு என்றாய், செய்தேன். போலீசு முன்னால் வாயை மூடிக்கொண்டதற்கு அப்புறம் நான் செய்யக்கூடாத இரண்டாவது காரியம் அது.

அந்தச் சத்தியத்தை முந்தாநாள் சனிக்கிழமை மீறிவிட்டேன். பெரம்பலூர் டாக்டர் கைகாட்டிய அரியலூர் வக்கீல் வீட்டுக்குப் பூமாலையோடு போய், கிணறு வெட்டியது முதல் வாயை மூடிக்கொண்டது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதிப் படித்துக் காட்டினார். கைநாட்டு வெச்சா போதும்மா என்றார். வேணாங்க, எம்புள்ள சொல்லிக்கொடுத்த கையெழுத்து இருக்கு என்று மூன்று இடத்தில் போட்டேன், அரியமுத்துவும் சாட்சியாகப் போட்டான். உன் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி மேல்கோர்ட்டில் கேட்கலாமாம், ஆனால் நீயே ஒத்துக்கொண்டதால் சுலபமில்லையாம், கவுன்சிலில் மட்டும் நடந்ததைச் சொல்ல இடம் கொடுப்பார்களாம். இதனால உங்க மேல கேஸ் வரும்மா, தெரிஞ்சுதான் போடுறீங்களா என்று இரண்டு தடவை கேட்டார். தெரிந்துதான் போட்டேன். இன்னொன்று, சிலை கிடைத்த மாசி இருபதாம் தேதி நீ இங்கே இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லைனில் பேதி பரவி பதினொரு பிள்ளைகளுக்கு நீ மருந்து ஏற்றுகிறதாக எழுதினாயே ஒரு கடிதம், அதில் அன்றைய தேதியும் அஸ்ஸாம் தபால் முத்திரையும் இருக்கிறது. தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீயும் தோட்டத்து மானேஜரிடம் ஆஸ்பத்திரி வருகைப் புத்தகத்திலிருந்து அந்த மாதத்து நகல் வாங்கிக்கொண்டு வா. கவுன்சில் நோட்டீசும் என் பத்திரத்தின் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன். லீவு கேட்டு வை என்று தந்தியும் அடித்திருக்கிறேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு எனக்கு டாக்டர் வேலை எதற்கு என்பாய். அந்த வீம்பை விட்டுவிடு தம்பி. அந்தப் பதினொரு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதினாயே, இனி வரப்போகிற பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டாமா? ஒரு வயதானவள் நாலு மாதம் உள்ளே இருந்தால் கறுப்பாட்டுக்குத் தழை போட பூமாலை இருக்கிறாள். அம்மன் தாலுகா கஜானாவில் பத்திரமாக இருக்கிறாளாம், பெட்டியில் வைத்து முத்திரை போட்டிருக்கிறார்களாம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளை ஒளித்து வைத்ததில் பாழானது நீதான்.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ரயிலில் யார் எது கொடுத்தாலும் வாங்காதே. நீ தொட்ட உடம்பெல்லாம் குணமாகி, நீ நூறு வயது வரைக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு நம் தெருவே வேண்டிக்கொள்கிறது. நானும் பூமாலையும் செப்டம்பர் 27ந் தேதி காலையிலேயே மெட்ராஸ் வந்துவிடுவோம், பெரம்பலூர் டாக்டரும் கூட வருகிறார். ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் யார் வைத்தது என்று கேட்பார்கள். இந்தத் தடவை நீ வாயைத் திறக்காதே. நான் சொல்கிறேன்.

இப்படிக்கு, பூமாலை கையால் எழுதி, கீழே தன் கையால் பேர் போடும்
உன் அம்மா,
செங்கமலம்