பச்சை மையில் எழுதிய மனு

வலங்கைமான்
6.8.1970

அன்புள்ள செவ்வந்திக்கு,

நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். பினாங்கிலிருந்து மாமா பச்சை மைப் புட்டி அனுப்பியிருக்கிறார். மழைக்கு மறுநாள் நாற்றங்கால் இருக்குமே, அந்தப் பச்சை. பேனாவைக் கழுவி நிரப்பினேன். செய்தித்தாள் ஓரத்தில் ஊறிப் பரவியது. பரீட்சைத் தாளில் அழகாக நின்றது. காய்ந்ததும் எழுத்தின் விளிம்பில் லேசாக மஞ்சள்.

அப்போது உன் அப்பா வந்தார். "பாப்பா, குத்தகைக்காரங்க பேரை சர்க்கார்ல பதியறாங்களாம். பேரு ஏறிட்டா நெலத்தை விட்டு யாரும் எறக்க முடியாதாம். அய்யாகிட்ட சொல்லிட்டேன், எழுதிக்கன்னாங்க. உங்க வாய்க்கால் ஓரத்து ஆறு மா நெலத்துக்கு ஒரு மனு எழுதிக் குடும்மா" என்றார். முழுவதையும் பச்சையிலேயே எழுதினேன். என் அப்பா அதை இரண்டு முறை படித்தார். "ரொம்ப லட்சணமா இருக்கு. ஒரு எழுத்தும் மாத்தாதே" என்று சிரித்தார். என் எழுத்தை அவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

அன்புடன்,
அகிலாண்டம்


சீர்காழி
14.8.1970

அன்புள்ள அகிலா,

உன் பச்சை எழுத்தைச் சித்தி வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். மறுநாளே என் அப்பா யாரிடமோ எழுதி வாங்கி அனுப்பிய கார்டு வந்தது. ஆபீசில் குமாஸ்தா மனுவைப் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊரு ஆபீசர்யா, பச்சையில எழுதறதுக்கு?" என்று கேட்டாராம். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். பெரிய அதிகாரிகள்தான் பச்சை மையில் எழுதலாம் என்று எங்கள் டீச்சர் சொல்கிறார். உனக்கும் எனக்கும் அது எப்படித் தெரியும்? உன் அப்பாவுக்குமா தெரியாது?

இருபதாம் தேதி விசாரணை. புது மையை எழுதிப் பார்த்தது நீதான் என்று சொல். நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் அப்பாதான் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார் என்றும் சொல். வருஷா வருஷம் குத்தகை நெல் உங்கள் களத்தில் அளப்பதைப் பார்த்தவள்தானே நீ. பொய் சொல்ல உனக்கு வராது. எங்களுக்கு அது போதும்.

உன்,
செவ்வந்தி


வலங்கைமான்
20.8.1970

அன்புள்ள செவ்வந்திக்கு,

விசாரணை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. உன் அப்பா வெறும் கூலி ஆள் என்று அப்பா சொன்னார். ஆபீசர் மாதிரிப் பச்சை மையில் எழுதி ஏமாற்றப் பார்த்தவன் பேச்சை நம்பலாமா என்றும் கேட்டார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"உன் கையெழுத்தா பாப்பா?"

"ஆமாங்க."

"யார் எழுதச் சொன்னது?"

"துரைராசுங்க" என்று உன் அப்பாவைக் காட்டினேன்.

"பச்சையில எழுதுன்னு உங்க அப்பா சொன்னாரா?"

"இல்லீங்க."

எதுவும் பொய்யில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். உன் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லீங்க" என்றேன். மனு தள்ளுபடி ஆகிவிட்டது.

பச்சை மை கூடாது என்று முன்பே தெரியுமா என்று பிறகு அப்பாவிடம் கேட்டேன். "தெரியாமலா? அவன் பேரு ஏறிட்டா, உன் கல்யாணத்துக்கு எதை விக்கிறது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உன் அப்பாவும் வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம், இல்லையா? அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நாளை எங்கள் ஆட்கள் நிலத்தில் இறங்குகிறார்கள். கதிர் பால் பிடித்திருக்கிறது. அறுப்பு எங்களுக்குத்தான் என்கிறார் அப்பா. இனிமேல் உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். இது கடைசி.

இப்போது மணி ஏழு. உன் அப்பா வாசலில் நிற்கிறார். "பாப்பா, நீ பார்த்ததை மட்டும் சொல்லும்மா" என்று கூப்பிடுகிறார். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார் என்றார் அம்மா. வாசல் பக்கத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள்.

அகிலாண்டம்