பஸ் ஸ்டாண்டு விரிசலில் பறக்காத விதை

என் உயிரான மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு எனக்கு எல்லாமே பயம்தான். போன் அடித்தால் பயம். நம் பவித்ரா வருகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் பயம். பெங்களூரு என்று பலகை மாட்டிய வண்டியைப் பார்த்தாலே தூரமாய் நகர்ந்துவிடுகிறேன். அந்த ஊரில்தானே கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தீர்கள்?

கடத்தூரில் நாம் உழுத காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அரூருக்கே வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டு கூட்டுகிற வேலை எனக்கு. சேலம் பஸ் நிற்கிற இடத்தில், சிமெண்டு விரிசலில், வெட்டுக்காயப் பூண்டு முளைத்திருந்தது. களை வெட்டும்போது என் கை கிழிந்ததே, நீங்கள் இலையைக் கசக்கிச் சாறு பிழிந்துவிட்டீர்களே, அதே செடி. பிடுங்கப் போனேன். "அத விடும்மா, எனக்கு வேணும்" என்றாள் உங்கள் மகள். காலேஜில் செடிகொடிப் படிப்பு படிக்கிறாள், தெரியுமா?

அந்தச் செடியின் விதையையும் நம் காட்டில் முளைத்த அதே பூண்டின் விதையையும் வாசலில் பெயிண்ட் வாளிகளில் ஒரே மண் போட்டு வளர்த்தாள். என்னோடு கூட்டுகிற முனியம்மா அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாம புடுங்கிப் போடற பூண்டுக்கு உம் பொண்ணு தண்ணி ஊத்தறா. படிப்பு முத்திப்போச்சுடி!"

முந்தாநாள் பூ காய்ந்ததும் ஊதிக் காட்டினாள். காட்டு விதை பஞ்சை விரித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனது. பஸ் ஸ்டாண்டு விதை நேராக வாளிக்குள்ளேயே விழுந்தது.

"ஏன் கண்ணு இப்பிடி?"

"சிமெண்டுல பறந்து போற விதை எங்கம்மா முளைக்கும்? அதெல்லாம் வீணாப் போச்சு. தாய்க்கிட்டயே விழுந்ததுதான் பொழச்சுச்சு. அதோட புள்ளைங்கதான் இதெல்லாம். அப்பிடித்தான் இருக்கும்னு நெனைக்கறேன். எங்க காலேஜு மேடம் இன்னும் பாக்கணும்னாங்க."

"இப்பதான் நல்ல மண்ணுல இருக்குதே?"

"மண்ணு மாறினா பத்தாதும்மா. அந்தக் கொணம் அதுக்குப் பொறப்புலயே வந்துடுச்சு."

அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன், மாமா.

போன வாரம்தான் அவளுக்குப் பெங்களூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கேட்டதும் அழுதேன். சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலமே, "நான் போவலம்மா. இங்கயே ஏதாச்சும் கடையில வேலை பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அந்த வாளியைப் பார்க்கும்வரை.

என் பயம் அவளுக்குள் இறங்கிவிட்டதா? செடி இப்படி மாறப் பல தலைமுறை ஆகும் என்கிறாள். நான் ஒருத்தி ஒரே ஆயுசில் செய்துவிட்டேனா?

நேற்று கேட்டேன். "நெசமாவே உனக்குப் போவ இஷ்டமில்லையா?"

"உன்ன உட்டுட்டு எப்பிடிம்மா..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கெளம்பு கண்ணு" என்றேன். சொல்லிவிட்டு, கூட்டின வாசலையே திரும்பவும் கூட்டினேன். பார்த்துவிட்டாளோ என்னவோ.

பயம் போகவில்லை, மாமா. போகும் என்றும் தோன்றவில்லை. அந்த ஊரில் எங்கேயாவது அவள் வேர்விட ஒரு பிடி மண் இருக்கும்தானே? நீங்கள் பார்த்திருப்பீர்களே?

அவள் பஸ் ஏறுகிற அன்று நான் அழமாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. அவள் திரும்பிப் பார்த்தால் கையை ஆட்டுவேன். வண்டி மறைந்த பிறகுதான் உட்காருவேன்.

உங்கள் அத்தை மகள்,
பவித்ராவின் அம்மா,
சாந்தி