வாசற்படி தாண்டாத கால்

குத்தாயிசி
ஜனவரி, வியாழக்கிழமை

என் கண்ணான மகள் தம்தாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், முழங்கால்கள் இரண்டும்தான் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறை ஒன்றுமில்லை. அந்த வார்சா குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லக் கூடாத விஷயம் என்பதால் கடிதம். என் தோழி சியாலாவின் தம்பி அங்கே வேலைக்கு வருகிறான், அவனே உன் கையில் தருவான். அவனுக்கு வயிறாரச் சாப்பாடு போடு, வெறும் டீயைக் கொடுத்து அனுப்பிவிடாதே, நம் மானம் போய்விடும்.

ஊர்வலத்தில் போலீசிடம் அடிபட்ட பிள்ளைகள் சொன்னதையெல்லாம் நீங்கள் எழுதி வைத்தீர்கள், அதற்காகப் புதுச் சட்டம் போட்டு உங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள், நீயும் பெட்டியைக் கட்டினாய். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். டிசம்பரில் உன் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கீழே ‘அந்நியக் கைக்கூலி’ என்று போட்டு நம் மாடிப்படிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். வெந்நீரும் கத்தியுமாக ஒரு மத்தியானம் முழுக்கச் சுரண்டினேன். உன் முகம் சுலபமாக உரிந்து வந்துவிட்டது, அந்த வார்த்தைதான் வரவில்லை, என்ன பசையோ. அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டி வைத்திருக்கிறேன். பியானோ படிக்க வந்த மூன்று பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கும் விரல் வலி வந்துவிட்டதாம், என்ன தொற்றுநோயோ தெரியவில்லை. ஒரு பிள்ளையின் தாய் கடைவீதியில் என்னைப் பார்த்ததும் வெங்காயத்தை அப்படி ஆராய்ந்தாள், வைரம் வாங்குகிறவள்கூட அவ்வளவு பார்க்க மாட்டாள். நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

புத்தாண்டு வந்தது. வருஷத்துக்கே ராசியைக் கொண்டுவரும் முதல் காலடி நம் வீட்டில் எப்போதும் மேல்மாடி ஓத்தாரி மாமாதானே. அவர் மிட்டாயை வீட்டுக்குள் வாரி இறைத்து, கால் என்னுடையது, தடம் தேவதையுடையது என்று கணீரென்று சொல்லி நுழைந்தால்தான் எனக்கு வருஷம் பிறந்த மாதிரி இருக்கும். இந்தத் தடவை பண்டிகைக்கு முன்பே படிக்கட்டில் என்னை நிறுத்தி, “லமாரா, தப்பா எடுத்துக்காதம்மா, மக அரசாங்கப் பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறா, யார் யார் வீட்டுக்குப் போறோம்னு இப்பல்லாம் கேக்கறாங்க” என்றார். கண்ணில் தண்ணீர். நான்தான் அவரைத் தேற்றி அனுப்பினேன். ஆனாலும் மனசு கேட்கிறதா? தேனும் அக்ரூட்டும் போட்டுக் கோசினாக்கி கிளறி, வான்கோழி சமைத்து, மேஜையில் இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்திருந்தேன். புத்தாண்டுக்கு ஒருவரும் வரவில்லை. மறுநாளும் யாரும் வரவில்லை. தனியாக இருக்கிறேன் தம்தா, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வான்கோழியை இன்று வரை நான் ஒருத்தியே தின்றுகொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டினார்கள். யாரென்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஓத்தாரிக்கு மனசு மாறிவிட்டது என்று கோசினாக்கித் தட்டோடு ஓடி, வாங்க வாங்க, உங்க காலடி மங்களமாகட்டும் என்று சொல்லிக்கொண்டே கதவை அகலத் திறந்தேன். நிற்பது போலீஸ்காரன். பெயர் எழுத மாட்டேன், உனக்கே தெரியும்: ஐந்தாம் வகுப்பில் உன் கணக்கைப் பார்த்து எழுதி, உன் தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொண்டானே, அவன்தான். தட்டைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனான். “சித்தி, இந்த வருஷம் இன்னும் யாரும் உள்ள வரலையா?” என்றான். இல்லை என்றேன். “அப்ப நான் வர மாட்டேன். இந்த யூனிபாரத்தோட முதல்ல நான் கால வச்சா உங்க வருஷமே விளங்காது” என்று சொல்லி, வெளியிலேயே நின்று நீட்டினான், உன்னை விசாரணைக்குக் கூப்பிடும் தாளை. கதவு நிலையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “ஈஸ்டருக்கு வான்னு அவகிட்ட போன்ல சொன்னீங்களாமே. வேணாம் சித்தி. விசாரணைன்னு பேருக்குத்தான் போட்டிருக்கு. விமானத்துல இருந்து எறங்கினா நேரா சிறைதான், எல்லாம் எழுதி வச்சாச்சு.” ஒரு துண்டு கோசினாக்கியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். ஈஸ்டருக்கு வா என்று நான் சொன்னது நம் இருவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று முழுக்க போன் பக்கமே போகவில்லை.

நீ உடனே முறைப்பாய், எனக்குத் தெரியும். “ஒளிஞ்சுக்கறதுக்கு நான் என்ன திருடியா, வந்து முகத்துக்கு நேரா பதில் சொல்றேன்” என்று போன வாரம்கூடச் சொன்னாய். அப்பாவின் அதே பிடிவாதம். பதில் கேட்க இங்கே யாரும் காத்திருக்கவில்லையம்மா, பூட்டுதான் காத்திருக்கிறது. ஈஸ்டர் வழக்கப்படி அப்பாவின் கல்லறைக்கு நானே சிவப்புச் சாயம் போட்ட முட்டை கொண்டுபோகிறேன், உன் பங்குக்கும் ஒன்று வைக்கிறேன். உன் சங்கத்துச் சிநேகிதிகள் யாருக்காவது இங்கே வரும் எண்ணம் இருந்தால் அவர்களையும் தடுத்து வை. தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. ராத்திரியில் வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே.

கடவுளின் தாய் உன்னை எந்த ஊரிலும் கைவிடாமல் இருக்கட்டும், நீ எழுதுகிற கை சோராமல் இருக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. திடீரென்று நான் போனில் வராதே என்றால் யாரோ சொல்லிக் கொடுத்தது தெரிந்து, அந்தப் போலீஸ்காரப் பையன் வம்பில் மாட்டிக்கொள்வான். அதனால் போனில் வழக்கம்போல, ஈஸ்டருக்கு வா, வந்தே தீர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீயும் வருகிறேன் என்றே சொல். கேட்பவர்கள் நம்புகிற மாதிரி அழுவேன், அதற்கு நான் நடிக்க வேண்டியதில்லை. எவ்வளவு அழுதாலும் வராதே.

உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா,
லமாரா