பட்டாணி சாப்பிட்டாச்சு

டிசம்பர் 6, சனி

காலையிலிருந்து தூறல். எங்கள் பேர்லேண்ட் ஊர் முழுக்க ஈரத்துணி வாடை.

இன்றைய வேலை: கராஜ் விளக்கு மாற்ற. தேங்காய், புளி வாங்க. பட்டாணியின் கூண்டில் கிளைகளை இறக்கிக் கட்ட. கடைசியைத்தான் முதலில் செய்தேன். மற்றவை நாளைக்கு.

பட்டாணிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. பச்சோந்திக்கு அது நல்ல கிழப்பருவம். மகள் நிலா ஆறாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கியது. அவள் பாஸ்டனுக்குப் படிக்கப் போனாள், இவன் என் தலையில். அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

பிடி தளர்ந்துவிட்டது. நேற்று மேல்கிளையிலிருந்து விழுந்தான். இன்று எல்லாக் கிளையையும் தாழ்த்தி, நார்க்கயிறு சுற்றி, அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டேன். சொரசொரப்பு கிடைத்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டான். எதையும் என்னிடம் விட்டால் ஒழுங்காக நடக்கும். ஆபீசில்தான் இது யாருக்கும் புரிவதில்லை.

நாக்கு முன்போல் பாய்வதில்லை, குறி தப்புகிறது. இடுக்கியில் புழுவைப் பிடித்து வாயருகே நீட்டினால் யோசித்து யோசித்து வாங்குகிறான். சனிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. புழுவுக்கு மட்டும் என் மனைவி சுமதி விலக்கு கொடுத்திருக்கிறாள். சமையலறைப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான்.

மாலை நிலா போன். எங்கள் பெண் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். பட்டாணி விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு தமிழ்க் கேள்வி, தினமும்: "சாப்டானா?"

சாப்பிட்டாச்சு என்றேன். ஒரு புழு. அதிலும் பாதியைத் துப்பிவிட்டான். பாதி சாப்பிட்டாலும் சாப்பிட்டதுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

குளிர்காற்று. தேங்காய் வாங்கியாச்சு, புளி மறந்தாச்சு.

மத்தியானம் பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டபின் நானும் அப்படித்தான், தூங்கட்டும் என்று விட்டேன். சுமதி பார்த்துவிட்டு, "ஏங்க, இவன் பகல்ல கண்ணை மூடுறது நல்லதில்லைங்க" என்றாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள், சும்மா சொல்ல மாட்டாள். போன மாதம் மிருக டாக்டர் பட்டாணிக்குச் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லி மருந்து கொடுத்ததை நிலாவுக்குச் சொல்லவில்லை. இதையும் சொல்வதாக இல்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. கெமிஸ்ட்ரி. அதுவரை மூச்சு விடக்கூடாது என்று இருவரும் முடிவு.

நம் வீடுகளில் இது புதிதா. சுமதி ப்ளஸ் டூ எழுதும்போது அவள் பெரியப்பா போய்விட்டார். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லியே எல்லாப் பரீட்சையையும் எழுத வைத்தார்கள். "ஆனா சென்டம் வந்துச்சு" என்பாள் இன்றும். பெரியப்பா முகத்தைப் பார்க்கவில்லையே என்றும் சொல்வாள். அது எப்போதாவதுதான்.

இலக்கு: வெள்ளி. நான் பார்க்காத டெட்லைனா? பட்டாணியை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடுவேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஒன்பது மணி மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மருந்து கொடுத்தேன்.

இதில் நான் கண்டுபிடித்த வழி: கோபம் வந்தால்தான் வாயைத் திறப்பான். சு.வின் கைக்கண்ணாடியைக் காட்டினால், எதிரி வந்துவிட்டான் என்று உடம்பை உப்பி வாயைப் பிளப்பான். அந்த நொடியில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு சொட்டு. டாக்டரே பாராட்டிய முறை.

நிலா மெசேஜ்: போட்டோ வேண்டுமாம். அவன் இருக்கும் கோலத்தில் எப்படி எடுப்பது? பழசிலிருந்து நல்லதாக ஒன்று தேடினேன். சு.வின் தோள்மேல், தளதளவென்று பச்சையாக, வால் சுருட்டி ஜம்மென்று. அனுப்பினேன். இதயம் ஒன்று வந்தது பதிலுக்கு.

வேலை முடிந்தது. சு.விடம் பெருமையடித்துக்கொண்டேன்.

கராஜ் விளக்கு மாற்றவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மூட்டம். மீட்டிங் மூன்று, உருப்படியாக ஒன்றுமில்லை.

கண்ணாடி காட்டினேன். பார்த்தான். கோபப்படவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஒரு கண்ணால் கண்ணாடியை, ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு இரண்டையும் மூடிக்கொண்டான். மருந்து கொடுக்கவில்லை.

நிறமும் கருத்துவிட்டது. ஊரில் பேச்சு மாற்றுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுவோம். இவனுக்கு எதையும் மறைக்கவே தெரியாது. உடம்பு முடியவில்லை என்றால் கருக்கிறான், அவ்வளவுதான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பது நான்.

"சாப்டானா?"

"சாப்பிட்டாச்சும்மா."

நிலா வேறெதுவும் கேட்காமல் குட்நைட் சொல்லி வைத்துவிட்டாள். பரீட்சைக் களைப்பு போல.

டிசம்பர் 10, புதன்

டாக்டரிடம் போனோம். சு. அரை நாள் லீவு. ஃப்ரீவே நெரிசலில் பட்டாணி இருந்த ஷூ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டே வந்தாள். கூண்டுக்குள் கைவிட மாட்டேன் என்று ஏழு வருஷம் சொன்னவள்.

இனி மருந்து அவனுக்காக இல்லை, உங்களுக்காகத்தான் என்றார் டாக்டர். வலி இருக்கிறதாம். ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம், நாளை மாலை நேரம் இருக்கிறது என்றார். வெள்ளிவரை தள்ள முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் எதற்கு என்று திருப்பிக் கேட்டார். கெமிஸ்ட்ரி பரீட்சை என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சு.விடம், இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றேன். "சொல்லிடுங்க. எனக்குப் பண்ணினதை அவளுக்குப் பண்ண வேணாம்" என்றாள்.

போன் செய்தேன். எப்படித் தொடங்குவது என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நிலா, "ஐ நோ, அப்பா" என்றாள்.

எப்படி?

டிசம்பரில் யாராவது கொலு வைப்பார்களா என்றாள் இங்கிலீஷில்.

அந்தப் போட்டோ. சு.வின் தோளுக்குப் பின்னால் ஐந்து படியும், செட்டியார் பொம்மையும், ஓரத்தில் சுண்டல் கிண்ணமும். நவராத்திரியில் எடுத்தது. நான் பட்டாணியை மட்டும் பார்த்தேன். திங்கள்கிழமையே கண்டுபிடித்துவிட்டாளாம். பிறகு ஏன் கேட்கவில்லை? அப்பா அவ்வளவு நம்பிக்கையாகப் பேசினீர்கள், கெடுக்க மனசு வரவில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள். ஆக, நாங்கள் அவளுக்கு மறைக்க, அவள் எங்களுக்கு மறைத்திருக்கிறாள். எங்கள் பெண்தான், சந்தேகமில்லை.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நீ சனிக்கிழமை வரும்வரை வைத்திருக்கப் பார்க்கிறேன் என்றேன்.

நிலா தமிழில் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி: "வேணாம்ப்பா. எனக்காக வெச்சிருக்காதீங்க. அவனுக்கு வலிக்குது."

போனை சு.விடம் கொடுத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன். விளக்கு மாற்றினேன்.

டிசம்பர் 11, வியாழன்

அருமையான வெயில். அவனுக்காகவே வந்தது போல.

மத்தியானம் பின்வாசலில் செம்பருத்திச் செடிமேல் விட்டோம். அந்தச் செடியில் வெள்ளிக்கிழமைப் பூ சாமிக்கு, மற்ற நாள் பூ பட்டாணிக்கு என்று எங்களுக்குள் பழைய ஒப்பந்தம். நாளைக்கு விரியவிருந்த மொட்டை சு. இன்றே பறித்து, இதழ் பிரித்து நீட்டினாள். வாயில் வாங்கினான். விழுங்கவில்லை. வெயில் ஏற ஏறக் கருப்பு விலகி, முதுகில் மட்டும் கொஞ்சம் பச்சை வந்தது. நிலா வீடியோவில் பார்த்தாள். "ஹாய் பட்டாணி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

மாலை ஊசி. என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடி எப்போது விட்டது என்று தெரியவில்லை.

செடியடியில் புதைத்தோம். சு. குளித்துவிட்டு விளக்கேற்றினாள். நான் நார்க்கயிறுகளை அவிழ்க்கப் போய், அப்படியே விட்டுவிட்டேன்.

நல்லபடியாக அனுப்பினோம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அழுகை வருவது வேறு.

டிசம்பர் 12, வெள்ளி

மறுபடி தூறல். சு. வேலைக்குப் போய்விட்டாள். நான் லாகின் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூண்டு விளக்கு தானாக எரிந்து தானாக அணையும்படி நான் வைத்தது. காலையில் சரியாக எரிந்தது.

மத்தியானம் நிலா வீடியோவில் கூப்பிட்டாள். பரீட்சை முடிந்ததாம். கெமிஸ்ட்ரி நன்றாகவே எழுதியிருக்கிறாளாம். நாளை எட்டு மணி ஃப்ளைட்டில் வருகிறாள், நான் போய் அழைத்துவர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சாப்டீங்களா?"

"சாப்பிட்டாச்சும்மா."

"தட்டைக் காட்டுங்க."

எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.